200 மெகாபைட்டில் ஓர் இசைக்குழு

லண்டனின் மைடா வேல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிபிசி சிம்ஃபனி இசைக்குழுவை உட்காரவைத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவுசெய்து, 2019-இல் ஸ்பிட்ஃபயர் ஆடியோ நிறுவனம் ஒரு தொகுப்பாக வெளியிட்டது. கணினியோடு இணைத்த கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தக் குழுவின் செல்லோக்கள் முழங்கும். முழுத் தொகுப்பு வட்டில் 500 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் கேட்கிறது. இலவசமாகக் கிடைக்கும் சிறிய பதிப்புக்குச் சுமார் 200 மெகாபைட் போதும். அதே வாத்தியக்காரர்கள், அதே கூடம். அளவில் மட்டும் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு.

இலவசத் தொகுப்பு எதையும் முதன்முதலில் கேட்கிறவருக்குக் குறை ஒன்றும் தெரியாது. கம்பீரமாகத்தான் இருக்கும். நாமே ஏதாவது எழுதிப் பார்த்த பிறகுதான் எங்கோ இடிக்கும். மெல்லத் தொடங்கிப் பொங்கி எழ வேண்டிய இடத்தில் சத்தம் கூடும், பொங்காது. வேகமான வயலின் ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக வந்து விழும். அந்த இரண்டாயிரம் மடங்குக்குள் என்ன அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், ஆர்கெஸ்ட்ரா இசை எழுதப் புதிதாக வருகிறவர் எந்த மென்பொருளை எடுக்கலாம் என்ற கேள்விக்கும் பெருமளவு விடை கிடைத்துவிடும். என் விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கற்கிற காலத்தில் நல்ல ஒலிக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். தாளைப் பாருங்கள்.

தாள் என்று சொல்லக் காரணம் உண்டு. இசை எழுதும் மென்பொருள்களில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்றில் திரையைத் திறந்தால் ஐந்து கோடுகள். அவற்றின்மேல் ஸ்வரக் குறிகள். புல்லாங்குழல் மேலே, டபுள் பேஸ் கீழே என்று பக்கம் பக்கமாக ஸ்கோர். மியூஸ்ஸ்கோர், சிபேலியஸ், டோரிகோ எல்லாம் இந்தக் குடும்பம். மற்றதில் இடமிருந்து வலமாக நேரம் ஓடும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு டிராக். ஸ்வரங்கள் நீளமும் குட்டையுமான பட்டைகளாகத் தெரியும். க்யூபேஸ், லாஜிக் ப்ரோ, ரீப்பர் ஆகியவை இந்தக் காலக்கோட்டு வகை. சினிமா இசையமைப்பாளர்களின் பேட்டிகளில் பின்னணித் திரையில் தெரிவது பெரும்பாலும் இதுதான். ஆகவே புதிதாக வருகிறவரின் கையும் இதன் பக்கமே போகிறது.

முதல் குடும்பத்தின் விளைபொருள் மனிதர் ஒருவர் பார்த்து வாசிக்கிற தாள். இரண்டாவதன் விளைபொருள் ஒலிபெருக்கியிலிருந்து வருகிற ஒலி. இரண்டு பக்கமும் மற்றதைக் கொஞ்சம் செய்யும். க்யூபேஸிலும் லாஜிக்கிலும் ஸ்கோர் பக்கம் உண்டு. டோரிகோவில் பட்டைகளும் உண்டு. ஆனால் எதற்காகப் பிறந்ததோ அதில்தான் ஒவ்வொன்றும் கெட்டி. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்ஃபனியை வாசித்தபோது, அரங்கில் இருந்த ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் முன்னால் அவரவர் பகுதி எழுதப்பட்டு இருந்தது. இளையராஜா ஸ்கோரைக் கையால் எழுதுகிறவர். பேனாவால் எழுதினாலும் கணினியில் எழுதினாலும், உயிருள்ள இசைக்குழுவிடம் போய்ச் சேர்வது அந்தக் கோடுகளும் குறிகளும்தான்.

தாள் குடும்பத்தின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. பென் ஃபின், ஜோனதன் ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள் இங்கிலாந்தில் உருவாக்கிய சிபேலியஸ் 1993-இல் ஏகான் கணினிக்காக வெளிவந்தது. 2006-இல் அவிட் நிறுவனம் அதை வாங்கியது. 2012-இல் லண்டன் அலுவலகத்தை அவிட் மூடியபோது, அதை உருவாக்கிவந்த குழுவில் பெரும்பகுதியை டேனியல் ஸ்ப்ரெட்பரி தலைமையில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் அடியிலிருந்து புதிதாக எழுதிய டோரிகோ 2016-இல் வந்தது. இதற்கிடையே 1988 முதல் இருந்துவந்த ஃபினாலே, பல பதிப்பகங்களும் கல்லூரிகளும் நம்பியிருந்த மென்பொருள், 2024 ஆகஸ்டில் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக அறிவிப்பைப் பெற்றது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதில் எழுதப்பட்ட ஸ்கோர்கள் ஒரே நாளில் பழைய வடிவக் கோப்புகள் ஆயின.

அவற்றைக் காப்பாற்றியது மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவம். மைக்கேல் குட் என்பவர் உருவாக்கி 2004-இல் முதல் பதிப்பாக வெளியிட்டது. இன்னின்ன ஸ்வரம், இவ்வளவு நீளம், மேலே இந்தக் குறி என்று எழுத்துகளாகவே எழுதி வைக்கும் கோப்பு அது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்கோரை எடுத்துப்போக அதுவே வழி. பக்க அலங்காரம் கொஞ்சம் குலையும்; இசை தப்பிக்கும். எந்த மென்பொருளை எடுத்தாலும் அது இந்த வடிவத்தில் கோப்பைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். தரும் என்றால், தேர்வு தவறிப்போனாலும் பெரிய நஷ்டம் இல்லை.

மியூஸ்ஸ்கோரை ஏன் முதலில் சொன்னேன் என்றால் அது முழுக்க இலவசம். மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வெர்னர் ஷ்வேர் என்ற ஜெர்மானியர் 2002 வாக்கில் வேறொரு திட்டத்திலிருந்து பிரித்தெடுத்துத் தொடங்கியது. நெடுங்காலம் ‘இலவசத்துக்கு இது பரவாயில்லை’ என்ற நிலையில்தான் இருந்தது. 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு நிலைமையை மாற்றியது. பக்கம் ஒழுங்காக அமைகிறது. கூடவே மியூஸ் சவுண்ட்ஸ் என்ற ஒலித் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு குழப்பத்தை மட்டும் இங்கே தீர்த்துவிடலாம். மற்றவர்கள் எழுதிய ஸ்கோர்களைப் பகிரும் இணையதளம் சந்தா கேட்கும். எழுதும் மென்பொருள் கேட்காது. பெயர் ஒன்று என்பதால் சந்தாவைப் பார்த்துவிட்டு மென்பொருளையே விட்டு ஓடுகிறவர்கள் உண்டு. டோரிகோவுக்கும் சிபேலியஸுக்கும்கூட இலவசப் பதிப்புகள் இருக்கின்றன. ஆனால் அவை சிறு குழுவோடு நின்றுவிடும், ஆர்கெஸ்ட்ராவுக்குப் போதாது.

இனி ஒலிக்கு வருவோம். ஸ்கோரில் எழுதிய ஸ்வரம் எப்படிச் சத்தமாகிறது?

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 சிந்தசைசரையும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூப்பிட்டர்-6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றது ஒலித்தது. போட்டி நிறுவனங்களின் கருவிகள் பேசிக்கொண்ட அந்த ஏற்பாடுதான் மிடி. டேவ் ஸ்மித், இகுதாரோ ககேஹாஷி இருவரும் அதற்கு முக்கியக் காரணம். மிடியில் ஒலி கிடையாது. எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தி, எப்போது தொடங்கி எப்போது விட்டது என்ற செய்தி மட்டுமே போகிறது. ஒரு ஸ்வரம் தொடங்க மூன்று பைட் போதும். அழுத்தத்துக்கு 0 முதல் 127 வரை எண்கள்.

இந்த ஏற்பாடு கீபோர்டுக்காகப் பிறந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் தொல்லைகள் பாதி புரிந்துவிடும். பியானோவில் கட்டையை அழுத்தியதும் சுத்தி கம்பியைத் தட்டிவிட்டு விலகிவிடும். அதன் பிறகு வாசிப்பவர் அந்த ஸ்வரத்தை மேலும் ஓங்கச் செய்ய முடியாது. தட்டிய வேகம் ஒன்றே அதன் தலையெழுத்து. வயலினில் அப்படி இல்லை. வில் கம்பியின் மேல் இருக்கும்வரை ஸ்வரம் வாசிப்பவரின் கையில் இருக்கிறது. நடுவில் ஓங்கலாம், தணியலாம், அதிர்வைக் கூட்டலாம். குழல் வாத்தியங்களிலும் மூச்சு உள்ளவரை அப்படியே. ஆகவே ஆர்கெஸ்ட்ராவை மிடியில் கொண்டுவர, ஸ்வரத்தோடு கூடவே ஓடுகிற இன்னொரு செய்தி தேவைப்படுகிறது. கீபோர்டின் இடப்பக்கம் இருக்கும் மாட் வீலைத் தள்ளுவது அதற்குத்தான். காலக்கோட்டுக் குடும்பத்தில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இந்த வளைகோட்டை நீங்களே வாசித்தோ வரைந்தோ சேர்க்க வேண்டும். முப்பது டிராக் என்றால் முப்பது வளைகோடுகள். தாள் குடும்பத்தில் ஓங்குவதற்கான அந்த நீண்ட கூர்முனைக் குறியைப் போட்டால், வளைகோட்டை மென்பொருளே உள்ளுக்குள் போட்டுக்கொள்ளும். முரட்டுத்தனமாகத்தான் போடும். ஆனால் இசையை யோசிக்க வேண்டிய நேரத்தை அது தின்பதில்லை.

செய்தி வந்ததும் ஒலியைத் தருவது சாம்பிள் லைப்ரரி, அதாவது முன்கூட்டியே பதிவுசெய்த ஸ்வரங்களின் கிடங்கு. இங்கேதான் அந்த 500 ஜிகாபைட் வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் வயலின் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டு ஸ்வரத்துக்கு ஒன்றாக 20 ஸ்வரங்கள் பதிவுசெய்கிறோம். ஒவ்வொன்றும் மெல்லியது முதல் உரத்தது வரை 4 நிலைகளில். ஒவ்வொன்றையும் 3 முறை. நீண்ட வில், குட்டை வில், விரலால் மீட்டல், நடுக்கம் என்று 10 வாசிப்பு முறைகள். இதுவரை 2,400 பதிவுகள். கூடத்தில் பக்கத்தில், நடுவில், தூரத்தில், மேலே என்று 4 மைக் நிலைகள்: 9,600. ஒவ்வொன்றும் சராசரி 5 விநாடி என்றால் 48,000 விநாடிகள். நொடிக்கு 48,000 அளவீடு, ஒவ்வோர் அளவீட்டுக்கும் 3 பைட், இடம் வலம் என இரண்டு சேனல்: ஒரு விநாடிக்கு 2,88,000 பைட். பெருக்கினால் கிட்டத்தட்ட 14 ஜிகாபைட். ஒரே ஒரு பிரிவுக்கு, அதுவும் சிக்கனமாக. இன்னும் இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ், மரக்குழல்கள், பித்தளை வாத்தியங்கள், தாள வாத்தியங்கள் எல்லாம் பாக்கி.

இந்தக் கணக்கில் ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது. மெல்லியதும் உரத்ததும் தனித்தனியாக ஏன்? உரத்த பதிவைச் சத்தம் குறைத்து ஒலிக்கவிட்டால் ஆகாதா? ஆகாது. வாத்தியம் உரக்கும்போது அதன் குரலே மாறுகிறது. டிராம்போனை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்ல ஊதினால் ஒலியலை வழவழப்பாக இருக்கும். உரக்க ஊதினால் குழாய்க்குள் அழுத்தம் மிகுந்து, அலையின் உச்சி அதன் அடியைவிடச் சற்று வேகமாக ஓடுகிறது. ஓட ஓட அலையின் முகப்பு செங்குத்தாகிறது. செங்குத்தான முகப்பு என்றால் உயர் அதிர்வெண்கள் ஏராளம். உரத்த டிராம்போனில் நாம் கேட்கும் அந்தப் பித்தளைப் பளபளப்பு இதிலிருந்து வருகிறது. மிக உரத்த ஊதலில் குழாய்க்குள் அதிர்ச்சி அலையே உருவாகிறது என்று ஹிர்ஷ்பெர்க்கும் கூட்டாளிகளும் 1996-இல் காட்டினார்கள். இப்போது அந்த உரத்த பதிவை வால்யூமைக் குறைத்துக் கேட்டால் காது ஏமாறுவதில்லை. பக்கத்தில் மெல்ல ஊதுகிறார் என்று அது எண்ணாது. தூரத்தில் உரக்க ஊதுகிறார் என்று எண்ணும். சிறிய தொகுப்புகளில் பொங்க வேண்டிய இடம் பொங்காததற்குக் காரணம் இதுவே. நிலைகள் குறைவு.

ஒரே ஸ்வரத்தை மூன்று முறை பதிவுசெய்வது வேறொரு காரணத்துக்காக. எந்த வாத்தியக்காரராலும் ஒரே ஸ்வரத்தை இம்மி பிசகாமல் இரண்டு முறை வாசிக்க முடியாது. ஒரே பதிவு வேகமாகத் திரும்பத் திரும்ப வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஆகவே மென்பொருள் மூன்றையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிடுகிறது.

பிரிவு என்பதே ஒரு வேடிக்கையான விஷயம். பெரிய இசைக்குழுவில் முதல் வயலின்கள் 16 பேர்வரை இருப்பார்கள். 16 பேர் வாசித்தால் 16 மடங்கு சத்தமாகக் கேட்கும் என்று நினைப்போம். தனித்தனி மூலங்களிலிருந்து வரும் ஒலிகள் கூடும்போது எண்ணிக்கை இரட்டிக்க இரட்டிக்க 3 டெசிபெல்தான் ஏறும். ஒருவரிலிருந்து 16 பேருக்குப் போனால் மொத்தம் 12 டெசிபெல். 10 டெசிபெல் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு உரத்ததாகக் காதுக்குத் தோன்றும். ஆக, 16 வயலின்கள் ஒரு வயலினைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் கேட்கும், அவ்வளவே. பின் எதற்கு 16 பேர்? குரலின் தன்மைக்காக. ஒவ்வொருவரின் சுருதியும் மயிரிழை வேறுபடும். விரல் அதிர்வின் வேகமும் கட்டமும் வேறுபடும். வில் தொடங்கும் நொடி வேறுபடும். இந்த ஒழுங்கற்ற வேறுபாடுகள் கலந்து கலைந்துகொண்டே இருப்பதால்தான் அந்தப் பட்டுப்போன்ற பரப்பு கிடைக்கிறது. தனி வயலின் பதிவு ஒன்றைப் பதினாறு டிராக்கில் நகலெடுத்து வைத்தால் பிரிவு கிடைக்குமா என்று புதியவர்கள் முயல்வார்கள். ஒரே ஆளின் புகைப்படத்தைப் பதினாறு பிரதி எடுத்து ஒட்டினால் கூட்டம் ஆகிவிடாது. அலைகள் அச்சாக ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து 24 டெசிபெல் ஏறும். ஒலிப்பது உரத்த ஒற்றை வயலின்.

இன்னும் கடினமானது, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் இடம். தனித்தனி ஸ்வரங்களை அடுத்தடுத்து ஒட்டினால் ஒவ்வொன்றும் புதிதாகத் தொடங்கும். பாட்டாக வராது. வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் செல்லோ வாசித்துவந்த ஹெர்ப் டுக்மாண்டில் தொடங்கிய வியன்னா சிம்ஃபனிக் லைப்ரரி, ஸ்வரங்களோடு நிற்காமல் ஸ்வரங்களுக்கு நடுவிலான நகர்வையும் பதிவுசெய்து பெயர் வாங்கியது. ஒரு ஸ்வரத்திலிருந்து மேலே ஓர் எட்டாம் ஸ்வரம் வரையும் கீழே அதே அளவும் நகர்வுகள் என்றால் 24. நாற்பது ஸ்வரங்களுக்கு ஏறக்குறைய ஆயிரம் நகர்வுகள், ஒவ்வொரு சத்த நிலையிலும்.

இவ்வளவு பெரிய கிடங்கைக் கணினி எப்படித் தாங்குகிறது? 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர் அதற்கு ஒரு தந்திரம் செய்தது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத் துணுக்கை மட்டும் ராமில் ஏற்றி வைப்பது. கட்டையை அழுத்தியதும் அந்தத் துணுக்கு ஒலிக்கத் தொடங்கும். அது முடிவதற்குள் மிச்சத்தை வட்டிலிருந்து இழுத்துவிடுவது. இன்றைக்கும் அடிப்படை அதுவே. அதனால்தான் பெரிய தொகுப்புகளுக்கு வேகமான எஸ்எஸ்டி தேவை என்கிறார்கள். 8 ஜிபி ராம் உள்ள சாதாரண மடிக்கணினியில் மியூஸ்ஸ்கோர் ஓடும். முப்பது டிராக்கில் பெரிய தொகுப்பு மூச்சுத் திணறும்.

இவ்வளவு பாடுபட்டுச் சேகரித்த ஒலியை ஏன் நம்ப வேண்டாம் என்கிறேன்? அதன் தரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது பொய் சொல்லும் இடங்கள் வேறு.

புல்லாங்குழலின் கீழ்ப்பகுதி ஸ்வரங்கள் அழகானவை, ஆனால் பலவீனமானவை. எவ்வளவு ஊதினாலும் ஓரளவுக்கு மேல் உரக்காது. அந்தப் பகுதியில் ஒரு மெட்டை எழுதி, பின்னணியில் நான்கு ஹார்ன்களையும் இரண்டு டிரம்பெட்டையும் வைத்தால் அரங்கில் புல்லாங்குழல் காணாமலே போகும். கணினியில் காணாமல் போகாது. பல தொகுப்புகளில் எல்லா வாத்தியங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் பதிவாகி இருக்கும். போதாவிட்டால் அந்த டிராக்கின் வால்யூமைத் தூக்கிவிடலாம். ரிம்ஸ்கி-கோர்சகோவ் தன் வாத்திய அமைப்பு நூலில் ஒரு தோராயக் கணக்குத் தருகிறார். உரத்த வாசிப்பில் ஒரு டிரம்பெட்டுக்கு இரண்டு ஹார்ன் சமம். ஒரு ஹார்னுக்கு இரண்டு புல்லாங்குழலோ ஓபோவோ கிளாரினெட்டோ சமம். ஒரு டிரம்பெட்டைச் சமன்செய்ய நான்கு புல்லாங்குழல் வேண்டும் என்றாகிறது. அவர் இறந்த பிறகு 1913-இல் வெளியான நூல் அது. இன்றைய மென்பொருளின் ஃபேடர்கள் சொல்லாததை அது சொல்கிறது.

மூச்சு இன்னொரு பொய். டூபாவில் உரத்த தாழ்ந்த ஸ்வரம் சில விநாடிகளிலேயே நுரையீரலைக் காலிசெய்துவிடும். சாம்பிள் டூபா ஒரு நிமிடம் தொடர்ந்து ஊதும். ஓபோவில் தொல்லை தலைகீழ்: நாணலின் துளை மிகச் சிறியது என்பதால் காற்று தீராது, பழைய காற்று உள்ளே தேங்கி வாசிப்பவர் தவிப்பார். ஆகவே நீண்ட மெட்டு எழுதலாம், ஆனால் ஓய்வும் தர வேண்டும். ஹார்ப்பில் 47 தந்திகள், 7 பெடல்கள், ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலைகள். அரைஸ்வரம் அரைஸ்வரமாக வேகமாக ஓடும் வரிசையை எழுதினால் வாசிப்பவரின் கால்கள் பின்னிக்கொள்ளும். வால்வு இல்லாத டெனர் டிராம்போனில், கீழ்ப்பகுதியின் ‘பி ஃப்ளாட்’ ஸ்லைடு முழுக்க உள்ளே இருக்கும் நிலையில் கிடைக்கிறது. அதற்கு அரைஸ்வரம் மேலே உள்ள ‘பி’ ஸ்லைடை முழுக்க வெளியே நீட்டினால் கிடைக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வேகமாக எழுதினால், கை அரை மீட்டருக்கு மேல் போய் வர வேண்டும். கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகள்.

தாள் குடும்பம் இதில் கொஞ்சம் உதவும். வாத்தியத்தின் எல்லையைத் தாண்டி எழுதினால் மியூஸ்ஸ்கோர் ஸ்வரத்தின் நிறத்தை மாற்றிக் காட்டும்: பழகுநருக்கு எட்டாதது ஒரு நிறம், தேர்ந்தவருக்கும் எட்டாதது சிவப்பு. ஹார்ப் பெடல்களைக் கணக்கில் வைத்து எச்சரிப்பது டோரிகோவில் உண்டு. புல்லாங்குழல் கேட்குமா கேட்காதா என்பதை எதுவும் சொல்லாது.

ஸ்கோரைப் புரிந்து வாசிக்க முயலும் கருவிகளும் இருக்கின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த வாலண்டர் நிறுவனத்தின் நோட்பெர்ஃபார்மர், ஸ்கோரில் ஏறக்குறைய ஒரு விநாடி முன்னால் பார்த்துக்கொண்டே ஓடுகிறது. மெட்டு எங்கே போகப்போகிறது என்று தெரிந்தால்தானே இந்த ஸ்வரத்தை எப்படி வாசிப்பது என்று முடிவெடுக்க முடியும்? மனித வாத்தியக்காரர் செய்வதும் அதுவே. அதன் ஒலி பெரிய தொகுப்புகளின் பளபளப்புக்கு வராது. ஆனால் வாத்தியங்களுக்கு இடையிலான சத்த விகிதம் அதில் ஓரளவு நேர்மையாக இருக்கிறது. டோரிகோ அல்லது சிபேலியஸுக்கு மாறியவர் முதலில் பணம் கொடுக்கத் தகுந்தது அது என்பேன்.

இவ்வளவு சொன்ன பிறகு மற்றக் குடும்பத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். உங்கள் இசை உயிருள்ள குழுவிடம் போகவே போவதில்லை, குறும்படத்துக்கோ கணினி விளையாட்டுக்கோ பின்னணியாகப் போகிறது என்றால், கேட்பவர் கேட்பது அந்தச் சாம்பிள்களைத்தான். அப்போது காலக்கோடே சரி. காட்சியின் இந்த நொடியில் டிரம்பெட் விழ வேண்டும் என்பதெல்லாம் அங்கே சுலபம். மேக் வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட் இலவசமாகவே இருக்கிறது. பின்னால் லாஜிக் ப்ரோவுக்கு மாறுவது இயல்பாக நடக்கும். மற்றவர்களுக்கு ரீப்பர். வின்ஆம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் படைப்பு அது. 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். முதல் நாள் திறந்தால் கொஞ்சம் அச்சுறுத்தும்.

காலக்கோட்டில் கீபோர்டை வாசித்துப் பதிவுசெய்யும்போது தாமதம் என்ற தொல்லை வரும். கணினி ஒலியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. நொடிக்கு 48,000 அளவீடு ஓடும்போது 256 அளவீட்டுப் பொட்டலம் என்றால் 5.3 மில்லிவிநாடித் தாமதம். 1,024 என்றால் 21 மில்லிவிநாடி. விரலுக்கும் காதுக்கும் இடையே இழுப்பு தெரியத் தொடங்கும். பொட்டலத்தைச் சிறிதாக்கினால் கணினி திணறி ஒலி வெடிக்கும். வழுக்கிச் செல்லும் ஸ்வரங்களிலோ 100 முதல் 300 மில்லிவிநாடி வரை தாமதம் பதிவிலேயே இருக்கும், ஏனென்றால் நகர்வு நடந்து முடியத்தான் அவ்வளவு நேரம் ஆகிறது. அந்த டிராக்குகளை எல்லாம் பின்னர் கொஞ்சம் முன்னே நகர்த்தி வைப்பது காலக்கோட்டு வேலையின் அன்றாடக் கூலிவேலை.

தொடங்குகிறவர் என்ன செய்யலாம்? மியூஸ்ஸ்கோரையும் மியூஸ் சவுண்ட்ஸையும் இறக்கிக்கொள்ளுங்கள். எண்பது பேர் குழுவைத் திறக்காதீர்கள். நான்கு கோடுகள் போதும், இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. 2006 முதல் இயங்கும் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் பதிப்புரிமை தீர்ந்த ஸ்கோர்கள் கிடைக்கும். ஹெய்டனின் குவார்டெட் ஒன்றிலிருந்து பதினாறு தாளக் கட்டங்களை உங்கள் கையால் தட்டி ஏற்றுங்கள். ஏற்றும்போதே செல்லோ எங்கே மௌனமாக இருக்கிறது, வியோலா எங்கே மேலே ஏறுகிறது என்று கண்ணில் படும். பிறகு கணினி வாசிப்பதையும் நல்ல குழு வாசித்த பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கப் பழகிய காது, பிறகு தன் ஸ்கோரைக் கணினி வாசிக்கும்போது எங்கே கழித்துக்கொள்ள வேண்டும் என்று அறிந்திருக்கும். அடுத்து மரக்குழல்கள், பிறகு ஹார்ன், பித்தளை கடைசியில்.

ஒலித் தொகுப்புக்கு எடுத்துவைத்த பணம் இருந்தால், அதில் ஒரு சிறு பகுதியைக் கிளாரினெட் வாசிக்கும் ஒருவரின் ஒரு மணி நேரத்துக்குக் கொடுங்கள். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடங்களில் மேற்கத்திய முறையில் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாஃப் நொட்டேஷன் பார்த்து வாசிக்கும் ஸ்டுடியோ வாத்தியக்காரர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எழுதிய பகுதியை அச்சிட்டு அவர் முன்னால் வையுங்கள். கிளாரினெட்டில் எழுதிய ‘ஏ’-யிலிருந்து அடுத்த ‘பி’-க்குப் போக, கிட்டத்தட்ட எல்லாத் துளைகளும் திறந்திருக்கும் நிலையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே கணத்தில் மூட வேண்டும். உங்கள் மெட்டு அந்த இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே வேகமாக நான்கு முறை போய்வருகிறது என்றால் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். சற்று மேலே தள்ளி எழுதினால் சரியாகுமா என்று அங்கேயே கேளுங்கள், மடிக்கணினியைத் திறந்து அங்கேயே மாற்றுங்கள்.